நஷ்டம் யார் பேரில்?

இந்த வாரம்: நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, ஓசூர் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ராகி விவசாயி, நாட்றாம்பாளையம்

கேள்வி: பேப்பரைப் பிரித்தால் பிலிகுண்டுலு, பிலிகுண்டுலு என்றே வருகிறது. பக்கத்திலேயே இருக்கிற எங்கள் ஊர்ப் பெயர் எப்போது வரும்?

பதில்: இதோ வந்துவிட்டது! ஆனால் பிலிகுண்டுலுவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மத்திய நீர்வள ஆணையத்தின் ஊழியர்கள் அங்கே காவிரி ஆற்றின் மட்டத்தைக் குறிக்கிறார்கள். தண்ணீருக்குள் கருவியை இறக்கி ஓட்டத்தின் வேகத்தை அளக்கிறார்கள். அகலம், ஆழத்தோடு பெருக்கி, இன்றைக்கு இத்தனை கனஅடி என்று எழுதி வைக்கிறார்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அங்கே வந்து சேர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரிக் கணக்கும் உண்டு. எவ்வளவு திறந்துவிடுவது என்று கர்நாடகமும் தமிழ்நாடும் டெல்லி வரை போய் மல்லுக்கட்டும். எவ்வளவு வந்தது என்றால் இரண்டு பேரும் அந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். 

இந்த வாரம் தபாலில் பாதிக்கு மேல் தொழிலதிபர்களின் துணிச்சலைப் பற்றித்தான். அவர்களையும் அளக்க ஒரு அளவுகோல் வேண்டாமா? யார் எவ்வளவு வீரமாகப் பேசினார் என்று நான் பார்க்கப்போவதில்லை. நஷ்டம் யார் பேரில் எழுதப்பட்டது என்று பார்க்கப்போகிறேன்.

மென்பொருள் ஊழியர், ஓசூர்

கேள்வி: காவிரிச் சண்டை வந்தால் பெங்களூரு பெரிய முதலாளிகள் எல்லாம் எங்கே போய்விடுகிறார்கள்?

பதில்: எங்கேயும் போவதில்லை. ட்விட்டரில்தான் இருப்பார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரு எரிந்தபோது, நகரத்தின் நல்ல பெயர் கெடுகிறதே என்று சிலர் அங்கே வருத்தப்பட்டார்கள். 25,000 கோடி ரூபாய் வரை நஷ்டம் என்று தொழில் கூட்டமைப்பான அசோசெம் ஒரு மதிப்பீடும் கொடுத்தது. அதே நாள் ஒரே டிப்போவில் தமிழ்நாட்டு கே.பி.என். நிறுவனத்தின் பேருந்துகள் முப்பதுக்கு மேல் எரிந்தன. 25,000 கோடி என்பது காகிதக் கணக்கு. எரிந்த பேருந்தை நம்பிப் பிழைத்த டிரைவரும் கிளீனரும் கைக்கணக்கு. அசோசெம் மதிப்பீட்டில் அவர்களுக்குத் தனிப் பத்தி கிடையாது.

கட்டட மேஸ்திரி, அஞ்செட்டி

கேள்வி: பந்த் என்றால் எங்களை ஜூஜூவாடியில் இறக்கிவிடுகிறார்கள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி வரை நடக்கிறோம். கேட்க நாதியில்லையே?

பதில்: 2016-ல் நடந்தீர்கள். 2023 செப்டம்பர் 26-ல் பெங்களூரு பந்த், 29-ல் கர்நாடக பந்த் என்று மறுபடி நடந்தீர்கள். தமிழ்நாட்டுப் பேருந்து இந்தப் பக்கம் நிற்கும், கர்நாடகப் பேருந்து அந்தப் பக்கம் நிற்கும், நடுவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நடப்பார். அந்த அம்மா எந்த மாநிலம் என்று வெயில் கேட்பதில்லை. நீங்கள் கட்டும் வீடு பெங்களூருவில். உங்களுக்குக் கூலி தரும் கான்ட்ராக்டரும் அங்கேதான். அவர் ஒரு வேன் அனுப்பினால் போதும். இல்லையென்றால் பந்த் நாளுக்குப் பாதிக் கூலியாவது தரட்டும். இரண்டு மாநில நட்பைப் பற்றி அவர் மேடையில் பேசவே வேண்டாம்.

கல்லூரி மாணவி, ஓசூர்

கேள்வி: எல்லையை மறந்து தொழில் செய்தவர்கள் என்று உருப்படியாக ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

பதில்: கையைத் திருப்பிப் பாருங்கள், கட்டியிருக்கலாம். டைட்டன்! 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. இன்றைக்கும் அதில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம். பதிவு அலுவலகம் உங்கள் ஊர் சிப்காட்டில். தலைமை அலுவலகம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். 

அப்போது கைக்கடிகாரம் என்றால் எச்.எம்.டி. அதன் கோட்டை பெங்களூரு. அங்கே கை பழகியவர்கள் சிலர் டைட்டனுக்கு வந்தார்கள். அன்றைய தர்மபுரி மாவட்டத்திலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பள்ளிப்படிப்பை முடித்த பையன்களையும் பெண்களையும் டைட்டன் எடுத்துப் பயிற்சி கொடுத்தது. வாட்ச்சையே கையில் கட்டிப் பார்த்திராத பிள்ளைகளிடம் வாட்ச் செய்யும் வேலை! முதலில் தலைமை ஏற்ற செர்க்ஸஸ் தேசாய்க்கு அது சின்ன ரிஸ்க் இல்லை. பிள்ளைகள் சொதப்பியிருந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. தேறினால் லாபம் இரண்டு பேருக்கும். தேறினார்கள். நான் சொன்ன அளவுகோலில் இதற்கு முழு மார்க்.

மகளிர் குழு உறுப்பினர், தேன்கனிக்கோட்டை

கேள்வி: பெரிய கம்பெனி பேச்சே பேசுகிறீர்களே, எங்களைப் பற்றி?

பதில்: உங்களை விட்டுவிட்டு இந்த வட்டாரத்தில் என்ன பேச்சு! தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலில் 1989-ல் தொடங்கியதே ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். ஓசூர்ப் பக்கத்துக் குழுப் பெண்களைச் சேர்த்து மைராடா தொண்டு நிறுவனம் தொண்ணூறுகளில் 'மெடோ' என்ற கம்பெனியைத் தொடங்க உதவியது. வாட்ச் பட்டை இணைப்பது போன்ற வேலைகளை டைட்டன் அதற்குக் கொடுத்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டுக்கு ஒரு மொழி பேசுகிற பகுதி இது. ஒரே மேசையில் உட்கார்ந்து பட்டை கோக்கிறவர்களுக்கு மொழிச் சண்டை போட நேரம் இருக்காது. மாலைக்குள் எண்ணிக்கை வர வேண்டும்!

நகைக்கடை விற்பனையாளர், கிருஷ்ணகிரி

கேள்வி: அதே டைட்டனின் தனிஷ்க் 2020-ல் வளைகாப்பு விளம்பரத்தைப் போட்டுவிட்டு ஏன் பின்வாங்கியது? இதுதான் துணிச்சலா?

பதில்: ஒரு முஸ்லிம் குடும்பம் தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிற விளம்பரம். வந்தது அக்டோபர் 9. பகிஷ்கரிப்புக் கூச்சல் கிளம்பி, 13-ம் தேதிக்குள் எடுத்துவிட்டார்கள். ஊழியர்கள், வணிகக் கூட்டாளிகள், கடைப் பணியாளர்கள் நலனை முன்னிட்டு என்றார்கள். குஜராத்தில் காந்திதாம் கடைக் கதவில் மன்னிப்புக் கடிதம் ஒட்டப்பட்டது. கடை தாக்கப்படவில்லை, மிரட்டல் வந்தது உண்மை என்றது போலீஸ்.

பின்வாங்கியதைக் கோழைத்தனம் என்று பெங்களூரு காபி கடையில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற உங்களைப் போன்றவருக்குத்தான் அடி விழும். ஆகவே எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். போடுவதற்கு முன்னால் யோசித்தார்களா என்றுதான் கேட்பேன். இப்படி ஒரு விளம்பரம் போட்டால் எந்த ஊரில் எந்தக் கடைக்குக் கூட்டம் வரும், யாரிடம் பாதுகாப்புக் கேட்பது, இரண்டு நாள் கடையைச் சாத்தினால் சம்பளம் உண்டா? இத்தனைக்கும் பதில் எழுதி வைத்துவிட்டு நல்லெண்ணத்தை ஒளிபரப்ப வேண்டும். கருத்து தலைமை அலுவலகத்துடையது, கல்லடி கிளைக்கு என்றால் அது துணிச்சலில் சேராது.

ஆட்டோ டிரைவர், ராயக்கோட்டை

கேள்வி: முதலாளிகளுக்கு முதுகெலும்பு உண்டா?

பதில்: உண்டு. பெரும்பாலும் பட்ஜெட் அன்று டி.வி.யில் எழுந்து நின்று கைதட்டும்போது பயன்படுத்துகிறார்கள்.

மெக்கானிக், ஓசூர்

கேள்வி: அப்படியானால் ஒருவர்கூட வாய் திறந்ததில்லையா?

பதில்: உங்கள் ஊர் டி.வி.எஸ்.ஸுக்குப் போட்டிக்காரர் ஒருவர் திறந்தார். 2019 நவம்பர் 30, மும்பையில் ஒரு விருது விழா. மேடையில் அமித் ஷா, நிர்மலா சீதாராமன், பியூஷ் கோயல். கீழே உட்கார்ந்திருந்த 81 வயது ராகுல் பஜாஜ் மைக்கை வாங்கி, உங்களை விமர்சித்தால் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு வரவில்லை, இதை என் தொழிலதிபர் நண்பர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள் என்கிற அர்த்தத்தில் பேசினார். யாரும் பயப்படத் தேவையில்லை என்றார் அமித் ஷா. மறுத்துச் சொன்னவரும் சபையிலேயே சொன்னார், கேட்டவரும் சபையிலேயே கேட்டார். இரண்டும் நாகரிகம்.

மகன் ராஜீவ் பஜாஜ் 2020 அக்டோபரில் இன்னொன்று செய்தார். விஷம் கக்குகிறவை என்று கருதிய மூன்று டி.வி. சேனல்களுக்கு இனி எங்கள் விளம்பரம் இல்லை என்றார். அப்பா சொல்லால் செய்ததைப் பிள்ளை செக் புத்தகத்தால் செய்தார். எனக்குப் பிள்ளையின் வழி கூடுதலாகப் பிடிக்கும். விளம்பரம் குறைந்தால் இழப்பது அவர் கம்பெனியின் விற்பனை. எந்த ஷோரூம் பையனும் அடி வாங்க வேண்டியதில்லை.

ஆசிரியை, கெலமங்கலம்

கேள்வி: பெண் தொழிலதிபர் யாராவது?

பதில்: ஓசூர் சாலையில் பெங்களூரு நோக்கிப் போனால் பயோகான். அதன் நிறுவனர் கிரண் மஜும்தார் ஷா. 2022 மார்ச் கடைசியில், கர்நாடகக் கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பிய நேரம். தொழில்நுட்பத் துறைக்குள்ளும் இந்த மதப் பிரிவினை நுழைந்தால் உலக அளவில் நமக்கிருக்கும் இடம் பறிபோகும், இதைத் தீர்த்து வையுங்கள் என்று அன்றைய முதல்வர் பசவராஜ் பொம்மையைப் பெயர் சொல்லியே ட்விட்டரில் கேட்டார். பொதுவெளியில் பேசுமுன் நிதானம் தேவை என்றார் முதல்வர். அம்மையாரும் பிறகு முதல்வரைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொன்னார். வசவு முழுக்க அவர் பேருக்கே வந்தது. திருவிழாவில் வளையல் விற்கிறவருக்காக ஒரு கோடீஸ்வரி திட்டு வாங்குவது அடிக்கடி நடப்பதில்லை.

டிப்ளமோ மாணவர், அஞ்செட்டி

கேள்வி: கர்நாடகத்தில் வேலையெல்லாம் உள்ளூர்க்காரருக்கே என்று சட்டம் வந்ததே, என்ன ஆயிற்று?

பதில்: வந்தது என்பதைவிட எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்பதே சரி. நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்ற மசோதாவுக்கு 2024 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தொழில்துறை கொதித்தது. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் எதிர்த்தது. ஆந்திராவிலிருந்து அமைச்சர் நாரா லோகேஷ், விசாகப்பட்டினத்துக்கு வந்துவிடுங்கள் என்று இலை போட்டார். 17-ம் தேதி மசோதா கிடப்புக்குப் போனது. ஹரியானாவின் 75 சதவீதச் சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே ரத்து செய்திருந்தது. 

உடனே கன்னடர்களைத் திட்டாதீர்கள். 75 சதவீதம் தமிழர்களுக்கே என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வும் எழுதியதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மசோதாவுக்கு எதிராக இரண்டே நாளில் ஒன்றுகூடிக் குரல் கொடுத்த தொழில்துறை, பேருந்து எரிந்த நாளில் அதே வேகத்தில் கூடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வேலை தேடும் பட்டதாரி, நாட்றாம்பாளையம்

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் ஆலை, வேலை மட்டும் ஜார்க்கண்ட் பெண்களுக்கா?

பதில்: கோபம் நியாயமானது, விலாசம்தான் தவறு. கெலமங்கலம் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையைத்தானே சொல்கிறீர்கள்? அங்கே 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். அந்தப் பெண்ணும் உங்களைப் போலக் காட்டோரக் கிராமத்திலிருந்து வந்தவள். உங்கள் ஊர் ஆட்கள் பெங்களூருவில் சாரம் ஏறுகிறார்கள், அவள் உங்கள் ஊரில் செல்போன் பாகம் கோக்கிறாள். அவளிடம் சண்டை வேண்டாம். 

கம்பெனியிடம் கேளுங்கள். அஞ்செட்டி மலைக் கிராமங்களில் எத்தனை தடவை ஆள் எடுக்க வந்தீர்கள்? நாட்றாம்பாளையத்திலிருந்து ஷிஃப்டுக்கு வண்டி உண்டா? வெளியூர்ப் பெண்ணுக்கு விடுதி கட்டுகிறவர்கள் மலைக்கிராமத்துப் பெண்ணுக்கும் ஒரு கட்டில் போடலாமே? உள்ளூரையும் வெளியூரையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பது முதலாளியின் வேலை. அதற்குச் செலவாகும். செலவழிக்கட்டும்.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர் (சொந்த ஊர் அஞ்செட்டி)

கேள்வி: 2023-ல் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வதந்தி பரவியதே, ஞாபகம் இருக்கிறதா?

பதில்: மறக்க முடியுமா? மார்ச் மாதம், ஹோலி நேரம். எங்கேயோ நடந்ததை எடுத்துப் போட்டு, தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று வீடியோ சுற்றியது. பொய் என்று போலீஸ் உடனே மறுத்தது. இந்தியில் விளக்கம் போனது, உதவி எண் வந்தது. அதைவிட வேலை செய்தது, தொழிலாளியின் ரூமுக்கே போய் உட்கார்ந்து, ஊரிலிருக்கும் அவர் அம்மாவோடு போனில் பேசவைத்த உங்களைப் போன்ற சூப்பர்வைசர்கள்தான் என்று நினைக்கிறேன். பிரிவினைக் காலத்தில் தலைவர் என்றால் கோட்டு போட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை.

பேக்கரி உரிமையாளர், பெங்களூரு (சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை)

கேள்வி: கடை போர்டில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்கிறார்கள். தமிழன் நான் பணிய வேண்டுமா?

பதில்: போர்டு எழுதுங்கள், அவ்வளவுதான். 2024-ல் வந்த விதி அது. தமிழ்நாட்டில் மட்டும் என்ன? தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் இங்கேயும் உண்டு. சட்டப்படி மாட்டுகிற போர்டில் மானக்கேடு எதுவுமில்லை. கும்பல் வந்து கல் எறிந்த பிறகு மாட்டினால்தான் மானக்கேடு. முந்திக்கொள்ளுங்கள். கன்னடத்தில் நாலு வார்த்தை பேசவும் கற்றுக்கொண்டால் பன் கூடுதலாக விற்கும்.

ரோஜா விவசாயி, பாகலூர்

கேள்வி: எல்லையை மூடினால் பூ வாடுகிறது. யாரிடம் முறையிட?

பதில்: ஓசூர் ரோஜா வெளிநாடு போவதே பெங்களூரு விமான நிலையம் வழியாகத்தான். பூவுக்கு இரண்டு நாள் பொறுமை கிடையாது. சண்டை வந்த பிறகு முறையிட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். இரண்டு பக்கத்து வியாபாரிகள் சங்கமும் அமைதியான மாதத்திலேயே உட்கார்ந்து பேசி, அழுகும் சரக்குக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் வழிவிட வேண்டும் என்று போராட்டக்காரர்களிடம் எழுதி வாங்க வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜனகராஜன் முயற்சியில் 'காவிரிக் குடும்பம்' என்று இரு மாநில விவசாயிகளும் கூடினார்கள். மண்டியாக்காரர் டெல்டாவைப் பார்த்தார், டெல்டாக்காரர் மண்டியாவைப் பார்த்தார். பிரச்சினை தீரவில்லைதான். ஆனால் எதிராளிக்கும் கடன் இருக்கிறது, அவன் வயலும் காய்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. தண்ணீரையே இழந்த விவசாயி பேசப் போனார். லாபம் சம்பாதித்த வியாபாரிக்கு என்ன கூச்சம்?

வன ஊழியர், தளி

கேள்வி: எல்லைப் பிரச்சினையே இல்லாத ஒரே தமிழக–கர்நாடக நிறுவனம் எது?

பதில்: வருஷா வருஷம் பன்னர்கட்டாவிலிருந்து உங்கள் பக்கம் வரும் யானைக் கூட்டம். நஷ்டத்தை மட்டும் ராகிக்காரர் பேரில் எழுதிவிட்டுப் போய்விடும்.

வரலாற்று ஆசிரியர், பர்கூர்

கேள்வி: பஜாஜ், கிரண் என்கிறீர்கள். நம் தமிழ்நாட்டு மண்ணில் இப்படி யாரும் இல்லையா?

பதில்: இருந்தார், நாம்தான் அவரை விடுதலை வீரர் என்று மட்டும் வகுப்பெடுக்கிறோம். வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். வக்கீல், ஜமீன்தார், முஸ்லிம் வணிகர் என்று சாதியும் மதமும் ஒரே பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டன. எதிரில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. அவர்கள் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பிறகு ஓசிப் பயணம், கூடவே ஒரு குடை இலவசம் என்றார்கள்! 1908-ல் வ.உ.சி. சிறை போனார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. நஷ்டத்தை முழுக்கத் தன் பேரிலேயே எழுதிக்கொண்டவர். வெளியே வந்து அரிசி, மண்ணெண்ணெய் விற்றார். ஆண்டறிக்கையில் துணிச்சல் என்று அச்சடிக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இவர் படத்தின் முன்னால் நிற்கலாம்.

எம்.பி.ஏ. மாணவர், கிருஷ்ணகிரி

கேள்வி: வெளிநாட்டில் எப்படி?

பதில்: அங்கேயும் நூற்றுக்கு ஒருவர்தான். மார்ட்டின் லூதர் கிங் நோபல் பரிசோடு அட்லாண்டா திரும்பினார். அவருக்கு விருந்து என்றதும் வெள்ளைத் தொழிலதிபர்கள் மூக்கைச் சுளித்தார்கள். கோகோ கோலாவுக்கு இந்த ஊர் அவசியமில்லை, ஊருக்குக் கோகோ கோலா வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள் என அதன் தலைவர் பால் ஆஸ்டின் மிரட்டினார் என்று சொல்வார்கள். 1965 ஜனவரி 27-ல் விருந்து, டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது! 2017-ல் சார்லட்ஸ்வில் கலவரத்துக்குப் பின் டிரம்ப்பின் தொழில் ஆலோசனைக் குழுவிலிருந்து முதலில் விலகியவர் மெர்க் மருந்துக் கம்பெனியின் கென் ஃப்ரேசியர். ஒரு மணி நேரத்துக்குள் ஜனாதிபதியே அவரைத் தாக்கி எழுதினார். இரண்டு நாளில் குழுவே கலைந்தது. முதல் ஆள்தான் ரிஸ்க் எடுக்கிறார். பத்தாவது ஆள் ஊர்வலத்தில் சேர்கிறார். மார்க் முதல் ஆளுக்கு மட்டும்தான்.

வங்கி ஊழியர், ஓசூர்

கேள்வி: முதலாளிக்கு எதற்கு அரசியல்? தொழிலைப் பார்த்தால் போதாதா?

பதில்: எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்கிற முதலாளியும் தொல்லைதான். சந்திரயான் முதல் சாம்பார் வரை பேசுகிறவர் சொன்னால் நல்லதும் எடுபடாது. தன் கேட்டுக்குள் வேலை செய்கிறவனுக்கு அவன் சாதி, மதம், மொழி, நம்பர் பிளேட்டால் ஆபத்து என்றால் அப்போது வாய் திறக்க வேண்டும். மற்ற நாளில் ஜி.எஸ்.டி. கட்டினால் போதும்.

சுயதொழில் தொடங்கும் இளைஞர், நாட்றாம்பாளையம்

கேள்வி: ராகி பிஸ்கட் கம்பெனி தொடங்கப்போகிறேன். பெங்களூருவில் விற்கப்போகிறேன். ஒரே ஒரு அறிவுரை?

பதில்: ஒன்றுக்கு மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பத்து ஆளில் நாலு மொழிக்காரரும் இருக்கட்டும். பந்த் நாளில் உங்கள் டி.என். 70 வண்டியை எடுக்காதீர்கள், அன்றைக்கு டிரைவருக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். கம்பெனி வளர்ந்து மேடை ஏறி ஒற்றுமையைப் பற்றிப் பேசும் ஆசை வந்தால், முந்தின வருடக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, நஷ்டம் யார் பேரில் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மைக்கைத் தொடுங்கள். முதல் பாக்கெட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.